மயிலாப்பூர் வீட்டுக்கு ஒரு ரெய்டு கார்டு

தொண்ணூறுகளின் கடைசியில், தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. அங்கே எனக்கு வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் அப்பா "கம்ப்யூட்டர் இன்ஜினீரு" என்று சொல்லிவிட்டு உடனே பீடியைப் பற்றவைத்துக்கொள்வார், மேற்கொண்டு கேள்வி வராமலிருக்க. உண்மையில் நான் போன் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"போன்ல பொம்பளக் கொரலு கேட்டா கஸ்டமரு கோவத்த மறந்துடுவான்மா" என்பது முதலாளியின் சித்தாந்தம். கடையின் பின்பக்கம், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சர்வீஸ் டேபிள். அதைச் சுற்றி மூன்று இளைஞர்கள். பெட்டியைத் திறப்பது, மூடுவது, மூடியபிறகு மிஞ்சிய திருகாணியைப் பார்த்துவிட்டு மறுபடி திறப்பது அவர்கள் வேலை. அவர்களிடம் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. என்னிடம் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ இருந்தது, முதல் வகுப்பில். கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

டிப்ளமோவைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன் என்று சொல்வார்கள். பேசாமல் என்ன செய்வது? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், உட்கார்ந்து, முடித்துக்கொண்டு வெளியே வந்த முதல் ஆள் நான். அடையாற்றுக் கரையில் எங்கள் குடிசை வரிசை முழுவதற்கும் எழுத்து என்று எது வந்தாலும் என்னிடம்தான் வரும். மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், எல்லாம். பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு ஒயர் உள்ள சாமான்களும் வரத் தொடங்கின. "கம்ப்யூட்டரே படிச்சிகினு கீறே, இந்த மிக்சி இன்னா பெரிய விஷயம்?" என்று ஒரு அக்கா மிக்ஸியை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். மிக்ஸி ஓடியது. அது தனிப் பெருமை.

அந்த ஆவணி மாதம் மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் தினமும் கடைக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். அரசாங்க அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வுபெற்றவர். ரேடியோவில் வந்தது, கல்யாணக் கச்சேரியில் பாடியது, சபாவில் மடியில் ஒளித்துவைத்து எடுத்தது என்று ஒரு அறை நிறையக் கேசட் வைத்திருந்தார். கேசட்டுகளில் பூசணம் பூக்கத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி, வீட்டு மூலையில் ஒரு பெட்டியில் வைத்து, கூடத்திலிருந்தும் மாடியிலிருந்தும் கேட்க வேண்டும். ஒரு டிஸ்க் கெட்டாலும் பாட்டு போய்விடக் கூடாது. இப்படிப்பட்ட பெட்டிக்கு சர்வர் என்று பெயர் என ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார்.

சர்வீஸ் டேபிளிலிருந்து ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். "கேள்வி கேட்டே கொல்றாரு மச்சி. நான் டிஸ்க்கு போடப் போனா, அது நிமிசத்துக்கு எத்தினி சுத்து சுத்துதுன்னு கேக்கறாரு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ போம்மா. தெனம் போன்ல நீதான அவராண்ட பேசிகினு கீற. பொட்டி அவராண்டயே நின்னுதுன்னா உனக்கும் சர்வீஸ் டேபிள்ல ஒரு ஸ்டூலு. அவரு பொட்டியத் திருப்பி அனுப்பிட்டாருன்னு வையி, இந்தப் போனுதான் உனக்கு, கடைசி வரைக்கும். இன்னா சொல்ற?"

"ஸ்டூல வாங்கி வைங்க சார்" என்றேன். கண்ணாடிக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள்.

குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு. கதவைத் திறந்தது பெரியவரின் மனைவி. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். நான் "அம்மா" என்று தொடங்கியதும், "மாமின்னே கூப்பிடுடீம்மா, இந்தத் தெருவே அப்படித்தான் கூப்பிடறது" என்று உள்ளே விட்டார். காபி வந்தது. பெரியவருக்குக் கொடுத்த அதே ஜோடி டபரா டம்ளரில் எனக்கும் வந்தது. கவனித்தேன். இதைக் கவனிப்பது எங்கள் வரிசையில் எல்லோருக்கும் கைவந்த பழக்கம்.

"சொல்லு, என்ன போடப்போறே?" என்றார் பெரியவர்.

"ரெய்டு கார்டு சார்."

"ரெய்டா? நம்மாத்துல என்ன இருக்குன்னு வரப்போறா?" என்று சமையலறையிலிருந்து மாமி கேட்டார்.

ரெய்டு கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒரு பச்சைப் பலகை; இரண்டு டிஸ்க்குகளை அது ஒரே டிஸ்க் போல வேலை செய்ய வைக்கும் என்று விளக்கினேன். அதிலும் இரண்டு வழி உண்டு. பாட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டிலும் எழுதலாம். வேகம் அதிகம், இடமும் அதிகம், ஆனால் ஒன்று போனால் எல்லாம் போச்சு. அல்லது ஒரே பாட்டை இரண்டிலும் முழுசாக எழுதலாம். ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கும்.

"இருபது ஜிபியும் இருபது ஜிபியும் சேர்ந்தா நாற்பது. சரிதானே?"

"பிரிச்சு எழுதினா நாற்பது சார். ரெண்டுலயும் ஒண்ணையே எழுதினா இருபதுதான்."

"அப்போ மீதி இருபதை யார் எடுத்துண்டு போறா? நீயா, உன் முதலாளியா?"

தணிக்கைக்காரர் புத்தி எங்கே போகும்? நான் விடவில்லை. அந்த இருபது எங்கும் போகவில்லை, அது காவலுக்கு நிற்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "ஓஹோ! ரெட்டை நாயனம்! ஒருத்தர் மூச்சு வாங்கினா இன்னொருத்தர் விடாம வாசிப்பார். நமக்குச் சத்தம் அறுபடாது. அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

ஆக வழி முடிவானது. எந்தக் கார்டு என்பது பாக்கி.

முதலாளியின் அலமாரியில் ஒரு கார்டு ரொம்ப நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஏதோ அச்சகத்துக்கு வரவழைத்து, அவர்கள் மனம் மாறிவிட்டதால் தங்கிப்போனது. முழங்கை நீளம். பார்த்தாலே மரியாதை வரும். ஆனால் அதற்கு ஸ்கஸி என்ற தனி இன டிஸ்க்குகள்தான் பொருந்தும். அவை பெரிய கம்பெனிகள் வாங்குவது. அந்த டிஸ்க் வாங்க வேண்டுமானால் பெரியவர் வீட்டில் ஒரு பாகத்தை விற்க வேண்டும்.

"கார்ட மட்டும் தலைல கட்டிடு. யானைய வாங்கிட்டவன் அங்குசத்துக்கு யோசிக்கமாட்டான்மா" என்றார் முதலாளி.

"அவர் யோசிப்பார் சார். அங்குசத்துக்கு எத்தனை வளைவுன்னு கேப்பார்."

முதலாளி ஒரு பெருமூச்சுடன் கார்டைத் துடைத்துத் திரும்ப அலமாரியில் படுக்கவைத்தார்.

நான் ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ரேடியோ உதிரி விற்ற தெரு அப்போது கம்ப்யூட்டர் தெருவாக மாறிக்கொண்டிருந்தது. பெண்கள் வருவது அபூர்வம். ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்ததும் "வூட்டுக்காரரு இன்னா வாங்கியாரச் சொன்னாரு?" என்றார். "வூட்டுக்காரரு இல்ல. எனக்கு ஐடிஇ ரெய்டு கார்டு வோணும், மிரர் பண்ணணும்" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டார். அந்த நாட்களில் எல்லோரும் எனக்கு ஸ்டூல் தருவதிலேயே குறியாக இருந்தார்கள்.

சாதாரண டிஸ்க்குக்குப் பொருந்தும் இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று மலிவு. இன்னொன்று கொஞ்சம் கூட. அதன் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்பு வட்டம். அது பஸ்ஸர்.

"ரெண்டும் ஒரே வேலதான் தங்கச்சி. இது கம்முனு இருக்கும். அது கத்தும். எவனாவது காசு குடுத்து கத்தல வாங்குவானா? அது வூட்டுலயே ஃப்ரீயா கெடைக்கும்."

"மேனுவல் இருக்கா அண்ணே?"

"மேனுவலா?" அவர் பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்து, "டேய், மேனுவல் கேக்கறாங்கடா!" என்று அதிசயம்போல் அறிவித்தார். பிறகு அட்டைப்பெட்டிகளின் அடியிலிருந்து இரண்டு சின்னப் புத்தகங்களை உருவிக் கொடுத்தார். தெருமுனையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வரிசையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோது, கவிழ்த்த குடத்தின் மேல் உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலம், அதுவும் ஆங்கிலம் தெரியாத யாரோ எழுதிய ஆங்கிலம். என் அம்மா அடுத்த குடத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி அது, இம்மாநேரம் படிக்கிற? பரிச்சையா?"

சொல்லிப் பார்த்தேன். "நீயும் பெரியம்மாவும் கோயிலுக்குப் போறீங்க. சோத்த நீ எடுத்துகினு போற, கொழம்ப அவங்க எடுத்துகினு வராங்க. சுமை கம்மி. ஆனா அவங்க பஸ்ஸ விட்டுட்டா உனக்குச் சாப்பாடு கிடையாது. அதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு தூக்கு, ரெண்டுலயும் சோறும் கொழம்பும் போட்டு எடுத்துகினு போனா?"

"கொழம்பு இல்லாட்டி இன்னா? கோயிலாண்ட மோரு விப்பான், ஊத்தி சாப்டுக்கறது."

"மோர் கிடையாதும்மா!"

"அது இன்னா கோயிலு, மோரு கூட இல்லாத கோயிலு?" லாரி வந்துவிட்டது. அம்மா எழுந்து போய்விட்டாள். என் உவமை தெருவில் நின்றது.

ஆனால் லாரி வருவதற்கு முன்னால் நான் படித்துமுடித்த கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருந்தது. ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினால் என்ன ஆகும்? மலிவான கார்டு யாரையும் கேட்காது. முதல் இடத்தில் இருப்பதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டு, அதை அப்படியே இரண்டாவதன்மேல் எழுதிவிடும், சத்தமில்லாமல். கத்துகிற கார்டு வேலையை நிறுத்திவிட்டுக் கத்தும். எதிலிருந்து எதற்கு எழுதட்டும் என்று திரையில் கேட்கும். நாம் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

எது சரி என்று தெரியாதபோது வாயை மூடிக்கொண்டு காரியத்தை முடிப்பவனைவிடக் கூச்சல் போட்டுக் கேட்பவன் மேல். எங்கள் வரிசையில் பிறந்தவளுக்கு இதில் சந்தேகமே வராது. கத்துகிற கார்டை வாங்கினேன்.

நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் தவிர்த்துப் பெட்டியை மயிலாப்பூரில் இறக்கினோம். இரண்டு டிஸ்க்கையும் மேஜை இழுப்பறைபோல் முன்பக்கம் உருவியெடுக்கும் தட்டுகளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவியும் கொடுத்தேன். கெட்டுப்போனால் மாற்ற வசதி என்று. கழற்றுவதாக இருந்தால் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பஸ்ஸரைப் பரிசோதிக்க வேண்டும் அல்லவா? ஒரு தட்டை உருவிவிட்டுப் பெட்டியைப் போட்டேன். கீ... என்று அலறியது. பாட்டு வகுப்புப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது என்ன ஸ்ருதி?" என்று பெரியவர் ஆர்வமாகக் கேட்டார்.

"ஆறு கட்டை. அதுலயும் சேரலை" என்றார் மாமி உள்ளேயிருந்து. "ஏண்டீம்மா, ரெண்டுலயும் ஒண்ணேதான் இருக்குமா? அச்சு அசலா?"

"அச்சு அசலா மாமி. இதுல எழுதற அதே நிமிஷம் அதுலயும் எழுதும். ரெண்டும் ஒண்ணுதான்."

"பேஷ்" என்றார் மாமி. அந்த பேஷ் எங்கே போய் முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நவராத்திரி வந்தது. விஜயதசமி காலையில் கடையைத் திறந்ததும் போன் அடித்தது. எடுத்தேன். முதலில் கேட்டது ஆறு கட்டையில் ஒரு அலறல். அதற்கு மேலே பெரியவரின் குரல். "ஒடனே கெளம்பி வா! நான் எதையும் தொடலை! எதையும் தொடலை!"

கண்ணாடிக்கு அப்பால் மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி எழுந்து வந்தார். "இன்னாமா, பொட்டி திரும்பி வருதா?"

"நான் போய்ப் பார்த்துட்டு வரேன் சார்."

வீட்டில் கொலு இன்னும் படியிலேயே இருந்தது. கூடத்தை ஒட்டிய கேசட் அறையில் பெட்டி அலறிக்கொண்டிருந்தது. திரையில் ஒரே கேள்வி. இரண்டு டிஸ்க்கும் ஒத்துப்போகவில்லை, எது மூலம்? ஒன்றா, இரண்டா? கீழே சிவப்பில் இன்னொரு வரி. மற்றதில் இருப்பது முழுவதும் அழியும். பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரக் கடைக்குள் நிற்பவர்போல நின்றிருந்தார். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டிச் சத்தத்தை அடக்கினேன்.

"என்ன நடந்தது சார்?"

"இவளைக் கேளு."

மாமி நிதானமாகச் சொன்னார். நேற்று சரஸ்வதி பூஜை. அன்றைக்குப் புஸ்தகம், தம்புரா, சுருதிப்பெட்டி எல்லாம் பூஜையில் இருக்கும். யாரும் தொடக் கூடாது. அத்தனை பாட்டையும் வைத்திருக்கும் டிஸ்க் மட்டும் வித்தை இல்லையா? அதுவும் பூஜைக்கு வர வேண்டும். ஆனால் பெரியவருக்கு அன்று சாயங்காலம் ரேடியோவில் ஒரு கச்சேரியை எடுத்தாக வேண்டும். சண்டை. "அப்பதான் எனக்கு நீ சொன்னது ஞாபகம் வந்தது. ரெண்டும் ஒண்ணுதானே? ஒண்ணை எடுத்துப் பூஜையில வெச்சேன். இன்னொண்ணை இவர் கார்யத்துக்கு விட்டேன். அம்பாளுக்கும் குறையில்லை, இவருக்கும் குறையில்லை."

மாமி சொன்னபடி, என் கார்டு நேற்றும் கத்தியிருக்கிறது. பெரியவர் கீபோர்டில் ஏதோ ஒரு பட்டனைத் தட்ட, அடங்கிவிட்டது. "கார்டே ஒத்துண்டுடுத்துன்னு நெனைச்சேன்" என்றார் பெரியவர். இன்று காலை பூஜையை முடித்து, டிஸ்க்கைத் திரும்ப மாட்டியதும்தான் இந்தக் கேள்வி.

"சரி, பூஜையில இருந்தது எது? சந்தனம் குங்குமம் வெச்சிருப்பீங்களே?"

"வெச்சேன். ஆனா இன்னிக்குக் காத்தால ரெண்டையும் வெளியில எடுத்துப் பார்த்தப்போ, இன்னொண்ணு மொட்டையா இருந்தது. அது என்ன பாவம் பண்ணித்து? அதுக்கும் வெச்சுட்டேன்."

பெட்டியை அணைத்துவிட்டுத் தட்டுகளை உருவிப் பார்த்தேன். இரண்டும் மங்களகரமாக இருந்தன. எது எந்தப் பக்கம் இருந்தது என்பதும் இருவருக்கும் நினைவில்லை. மாமி இடது என்றார், பெரியவர் வலது என்றார்; நான் திரும்பக் கேட்டதும் இருவரும் மாற்றிச் சொன்னார்கள்.

ஒரு ரேடியோ கச்சேரிக்கா இத்தனை பதற்றம் என்று பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைக் கூடத்து ஓரத்துக்கு நகர்த்தி, குரலைத் தாழ்த்தினார். "ரேடியோ கெடக்கு. நேத்து ராத்திரி... இல்லை, விளக்கேத்தற நேரம், கொலுவுக்கு இவளோட பழைய சிஷ்யை ஒருத்தி வந்தா. ரெண்டு பேரும் சேர்ந்து தோடி பாடினா. இவ பாடினா நான் டேப்புல கை வெச்ச ஒடனே பாட்டை நிறுத்திடுவா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தடவை விட்டதில்லை. நேத்து கம்ப்யூட்டர்ல எடுத்ததால சுத்தற சாமான் எதுவும் அவ கண்ணுல படலை. மைக்கை செட்டியார் பொம்மைக்குப் பின்னால வெச்சிருந்தேன்."

"கேக்கறது எனக்கு" என்றார் மாமி அங்கிருந்தே. "காத்தால காபி குடிக்கறச்சே பெருமையா சொல்றார். கேக்காம எடுக்கறதுக்குப் பேர் என்னடீம்மா உங்க ஊர்ல?"

"எங்க ஊரும் இதான் மாமி" என்றேன். "திருட்டுதான்."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் போன் எடுத்து முதலாளிக்கு நிலைமையைச் சொன்னேன். "இதுல இன்னா கீது? ஒண்ணுன்னு தட்டிட்டு வா. எப்பவும் ஒண்ணுதாம்மா" என்றார். தப்பான ஒன்றாக இருந்தால் தோடி போய்விடும். தோடி போனால் பெரியவர் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டே தி. நகருக்கு வருவார். போனை வைத்துவிட்டேன்.

ஒரு தட்டை மட்டும் செருகி, பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். முந்தாநாள்வரை எல்லாம் இருந்தது, நேற்று இல்லை. ஆக இதுதான் பூஜை டிஸ்க். பெட்டியை அணைத்து, அதை உருவிவிட்டு மற்றதைச் செருகினேன். திரை அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்றது. மறுபடி செருகினேன். இல்லவே இல்லை என்றது. பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஒரு நிமிஷம் காதில் கடையின் போன் அடித்தது.

தட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். செருகும் பற்களுக்கு நடுவே, சந்தனம். காலையில் ஈரமாக இருந்தபோது வழிவிட்டது, இப்போது அழகாகக் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது.

"மாமி, பின்னாலயுமா வெச்சீங்க?"

"முன்னாடி எது, பின்னாடி எதுன்னு அதுல எங்க எழுதியிருக்கு?"

பெரியவர் உள்ளே ஓடி, டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தார். நான் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பல்லாகத் துடைத்து, ஊதி, காயவைத்துச் செருகினேன். இந்தமுறை டிஸ்க் எழுந்து நின்றது. நேற்றைய தேதியில் ஒரு கோப்பு. திறந்ததும் ஸ்பீக்கரிலிருந்து மாமியின் குரல் கூடத்தில் பரவியது. எனக்குத் தோடி தெரியாது. ஆனால் வாசலில் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா தேங்காயோடு அப்படியே நின்றுவிட்டார்.

"கெடைச்சுடுத்து! இதையே மூலமா வெச்சு எழுதிடு!" என்றார் பெரியவர்.

"வேண்டாம்" என்றார் மாமி. "பூஜையில இருந்ததை வெச்சு எழுது. அதான் சுத்தம்."

"அதுல தோடி இல்லையே!"

"அதனாலதான் சொல்றேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கேள்வி இப்போது திரையில் இல்லை, எங்களுக்கு நடுவில் நின்றது. பில் போடும் பெயர் பெரியவருடையது. ஆனால் அந்த வீட்டில் எந்தச் சாமான் தங்கும், எது வெளியே போகும் என்பதைத் தீர்மானிப்பது யார் என்று தெரிந்துகொள்ள டிப்ளமோ வேண்டாம். அது மட்டுமில்லை, குரல் மாமியுடையது. கேட்காமல் எடுத்தது அவருடைய சாமான்தான்.

"மாமி" என்றேன், "இப்ப பூஜை டிஸ்க்கை மூலமா வெச்சா, பாட்டு போனது போனதுதான். நீங்களே நாளைக்கு வேணும்னாலும் வராது. இதை மூலமா வெச்சா ரெண்டுலயும் இருக்கும். எப்படி அழிக்கறதுன்னு உங்களுக்குக் காமிச்சுத் தரேன். சாருக்குத் தர மாட்டேன். நீங்க நெனைச்ச நேரம், ஒரே பட்டன். ரெண்டுலயும் ஒரே நிமிஷம் போயிடும். சார் தடுக்க முடியாது."

மாமி யோசித்தார். "அவருக்குக் காமிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"என் ஆத்துல எனக்கே..." என்று பெரியவர் தொடங்கினார். "நீங்க செத்த சும்மா இருங்கோ" என்றார் மாமி.

இரண்டு தட்டையும் செருகினேன். கார்டு கத்தியது, கேட்டது. தோடி இருக்கும் டிஸ்க்கைக் காட்டிப் பொத்தானைத் தட்டினேன். எழுதி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் மாமி இலை போட்டு எனக்குச் சாப்பாடு போட்டார். பிறகு நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்து மவுஸைக் கையில் கொடுத்தேன். தம்புராவைப் பிடிப்பதுபோல் நேராக நிமிர்ந்து பிடித்தார். எங்கே அமுக்கினால் பாடும், எங்கே அமுக்கினால் அழியும் என்று சொன்னேன். பெரியவரைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டோம்.

மாமி முதலில் பாடும் பொத்தானைத்தான் அமுக்கினார். முழுவதும் கேட்டார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. நடுவில் ஒரு இடத்தில் முகம் சுளித்தது. "இந்த எடத்துல அவசரப்பட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் நின்னு வந்திருக்கணும்." மறுபடி அங்கே போகச் சொன்னார். மறுபடி முகம் சுளித்தது. "இதை அழிக்கத்தான் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஒழுங்கா பாடி வெச்சுடறேன். அப்புறம் இதை அழிச்சுடலாம்." பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏன்னா, அந்த மைக்கை எங்க ஒளிச்சு வெச்சிருக்கேள்? எடுத்துண்டு வாங்கோ!"

கூடத்தில் ஏதோ பொம்மை சரியும் சத்தம் கேட்டது.

கடைக்குத் திரும்பியபோது முதலாளி பெட்டி எங்கே என்று என் கைகளைத்தான் முதலில் பார்த்தார். கை வெறுமையாக இருந்தது. ஆனாலும் ஸ்டூல் வரவில்லை. "கொஞ்ச நாளு போவட்டும், நிக்குதான்னு பாக்கலாம்" என்றார். ஐப்பசி முழுவதும் நான் போன் எடுத்தேன்.

கார்த்திகையில் பெரியவர் கூப்பிட்டார். நான் எடுத்தேன். என்னிடம் பேசாமல் முதலாளியைக் கேட்டார். முதலாளி ரிசீவரைக் காதில் வைத்து, "ஆமா சார்... சொல்லு சார்... அப்டியா சார்..." என்று நீட்டிக்கொண்டே போனார். வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"டிஸ்க்கு ரொம்பிப் போச்சாம்."

"அதுக்குள்ளயா?"

"அந்தம்மா அதே பாட்டத் திரும்பத் திரும்பப் பாடிகினே கீறாங்களாம். ஒண்ணும் சரியில்லையாம். ஒண்ணையும் அழிக்கவும் வுட மாட்டேங்கிறாங்களாம், இதுல இந்த எடம் நல்லாக்கீது, அதுல அந்த எடம் நல்லாக்கீதுன்னு. பெரியவரு கேசட்டு ஏத்த எடமே இல்லியாம். நாலு டிஸ்க்கு போடற மாதிரி பெரிய கார்டு வோணுமாம். அதுவும் கத்தற கார்டாதான் இருக்கணுமாம்." முதலாளி கழுத்தைச் சொறிந்துகொண்டார். "உன்னதான் அனுப்பணுமாம். போனு எடுக்கற பொண்ணா, சர்வீஸ் பொண்ணான்னு கேக்கறாரு. நான் சர்வீஸுன்னு சொல்லிட்டேன்."

அன்று மத்தியானம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நாலாவது ஸ்டூல் வந்தது. நீலப் பிளாஸ்டிக். ஒரு கால் கொஞ்சம் குட்டை. இளைஞர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். "வா மேடம்" என்று ஒருவன் ஸ்க்ரூடிரைவரை நீட்டினான். கிண்டலாகத்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

முதல் வேலையாக என் முன்னால் ஒரு கீபோர்டை வைத்தார்கள். அசோக் நகர்க்காரர் ஒருவருடையது. எந்த எழுத்தை அமுக்கினாலும் எழும்பவில்லையாம். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். மேஜையெல்லாம் கார்த்திகைப் பொரி கொட்டியது. கொட்டாதது வெல்லப்பாகோடு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி, எழுத்து மாறாமல் வரிசையாக அடுக்கினேன்.